சாளை எண்ணெய்ச் சக்கரங்கள்

ததேயுஸ் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த டி.வி. பெட்டிக்குள் டி.வி.யும் இருந்தது. அதன் முகத்தோடு முகம் ஒட்டி, பழைய லுங்கி சுற்றிய இரண்டு சைக்கிள் ரிம்கள் இருந்தன. பால்பொடி டின்னுக்குள் சக்கரத்தின் நடுவில் வரும் ஹப்புகள். குளிக்கிற டவலுக்குள் சுருட்டிய ஆரக்கம்பிகள். முட்டத்தில் லிஜாவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபடி, ததேயுஸ் தான் பட்ட பாட்டைச் சொன்னான்.

“ஏர்போர்ட்டுல ஒருத்தன் கம்பியைப் பிடிச்சுட்டான், கேட்டியா. இது எதுக்குன்னான். குடை நன்னாக்கன்னேன். இத்தற குடையான்னான். எங்க ஊருல மழை கூடுதலு சாரேன்னேன்.”

லிஜா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுடைய மைனி குளோரி சிரிக்கவில்லை. அவள் ஒரு ரிம்மைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அதன் விளிம்பு வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை முற்றத்துச் சிமெண்டில் படுக்க வைத்து, சுற்றிச் சுற்றி விரலால் அழுத்தினாள். எங்கும் ஆடவில்லை.

“கொள்ளாம், நல்ல ரிம்மு,” என்றாள்.

ஆன்ட்ரூஸ் அனுப்பிய சாமான் இது. லிஜாவின் அண்ணன். ஷார்ஜாவில் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. மலைச் சைக்கிளுக்கான சக்கரத்தை முழுசாகவே வாங்கி அனுப்பத்தான் அவன் நினைத்தான். ஆனால் ஹப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் சக்கரம் எந்தப் பெட்டிக்குள் போகும்? திருவிழாவுக்கு ஊருக்கு வர இருந்த ததேயுஸ் கையை விரித்துவிட்டான். “கழுத்துல மாலையாட்டா போட்டுட்டு பிளேனுல ஏறுவேன்? பிரிச்சுத் தா, கொண்டு போறேன்.” பிரித்துத் தந்தால் யார் பூட்டுவது என்று ஆன்ட்ரூஸ் போனில் கேட்டபோது, இந்தப் பக்கம் அடுக்களையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி குளோரி, கையைக் கழுவாமலே சொன்னாள், “நான் என்ன செத்தா போனேன்?”

குளோரிக்குச் சொந்த ஊர் கருங்கல். சந்தைக்குப் பக்கத்தில் அவளுடைய அப்பாவுக்குச் சைக்கிள் கடை. மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாங்காய் ஆடியபோது, அவள் கவிழ்த்துப் போட்ட சைக்கிளின் முன்னால் குந்தி உட்கார்ந்து பெண்டு எடுத்தாள். நெளிந்த சக்கரத்தைச் சுழலவிட்டு, எந்தக் கம்பியை முறுக்க வேண்டும், எதைத் தளர்த்த வேண்டும் என்று பார்த்து நேராக்குகிற வேலை அது. கலியாணமாகிக் கடற்கரைக்கு வந்த பிறகு அந்த வேலைக்கு வழியில்லாமல் இருந்தது. முட்டத்தில் யாரும் அவ்வளவாகச் சைக்கிள் ஓட்டுவதில்லை. லிஜா மட்டும் ஓட்டினாள்.

லிஜா ஓட்டியதைப் பார்த்தவர்கள், பிள்ளைக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். லைட் ஹவுஸுக்கு அப்பால் இருக்கும் செம்மண் மேடுகளில், மழை அறுத்த ஓடைகளுக்குள் சைக்கிளோடு இறங்குவாள், ஏறுவாள். போன வருடம், 2012-இல், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் நடந்த மலைச் சைக்கிள் போட்டியில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வருகிற பெண்ணுக்கு மாநில அணியின் பயிற்சி முகாமில் இடம். இரண்டாவது வருகிறவளுக்குக் கைதட்டு. இறக்கத்தில் அவளை யாரும் பிடிக்கவில்லை. ஏற்றத்தில்தான் கருங்கல்காரி பெபிஷா அவளைத் தாண்டிப் போனாள். போட்டியை நடத்திய பயிற்சியாளர் கோலப்பன் சார் அவளுடைய சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “காலு நல்ல காலும்மா. சக்கரந்தான் அம்மிக்கல்லு,” என்றார்.

இந்த வருடம் விட்டால் லிஜாவுக்கு வயது தாண்டிவிடும். அதற்குமேல் பெரியவர்களோடுதான் ஓட வேண்டும். அங்கே போய் நிற்க அவளிடம் ஒன்றும் இல்லை. இந்த ஒரு போட்டிதான்.

சாமான் தேர்ந்ததும் குளோரிதான். ஆன்ட்ரூஸ் கடையில் நின்றுகொண்டு போனில் ஆசை ஆசையாகச் சொன்னான், “ஒரு ரிம்மு இருக்கு மக்கா, கையில எடுத்தா எடுத்தது தெரியல்ல. பப்படம் மாதிரி இருக்கு.”

“பப்படம் மாதிரி இருந்தா பப்படம் மாதிரிதான் ஒடியும். அதுக்கு அடுத்த கனத்துல உள்ளதை எடும். கம்பிக்குத் தொளை போட்ட எடத்துல உள்ளே வளையம் பதிச்சிருக்கா பாரும்.”

“இருக்கு. ஹப்பு? இதுலயும் கனம் குறைஞ்சது ஒண்ணு இருக்கு. விலைதான் கூடுதலு.”

“அதை வச்சிட்டு வாரும். ஹப்பு கனமா இருந்தா இருக்கட்டு. கம்பி மட்டும் நல்லதாட்டு வேணும்.”

லிஜாவுக்குப் பொறுக்கவில்லை. கனம் என்றால் எல்லாம் கனம்தானே, காசு போனாலும் குறைத்தால் என்ன? குளோரி சேலைத் தலைப்பின் நுனியில் ஒரு கூழாங்கல்லை முடிந்து அவள் கையில் கொடுத்தாள்.

“கல்லைக் கைக்குள்ள வச்சுச் சுத்து. ஒண்ணுமில்லல்லா? இப்ப நுனியில விட்டுச் சுத்து.”

லிஜா சுற்றினாள். தோள்பட்டையைப் பிடித்து இழுத்தது.

“நடுவுல கெடக்க கனம் உன்னை ஒண்ணும் செய்யாது ஏட்டி. வெளியில சுத்துது பாரு, அதைத்தான் நீ ஒவ்வொரு மிதிக்கும் இழுத்துட்டு மலை ஏறணும்.”

லிஜா அன்றைக்குத்தான் தன் மைனியைச் சரியாகப் பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். அதுவரை குளோரி மைனி என்றால் அண்ணன் போன் வந்தால் முகம் சிவக்கிறவள், சாளைக் குழம்பில் புளி கூடுதலாக விடுகிறவள், அவ்வளவுதான்.

சக்கரம் பூட்டிய அந்த நாட்களில் லிஜா கல்லூரி விட்டு வந்ததும் வேறெங்கும் போகாமல் முற்றத்திலேயே கிடந்தாள். குளோரி ஹப்பை மடியில் வைத்துக்கொண்டு கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்தாள். உள்ளிருந்து வெளியே ஒன்று, வெளியிலிருந்து உள்ளே ஒன்று. போகிற வழியில் ஒவ்வொரு கம்பியும் எதிரே வருகிற மூன்று கம்பிகளைக் கடந்து, கடைசியாக ஒன்றின் அடியில் நுழைந்து ரிம்மைப் போய்ச் சேர வேண்டும். அவள் எண்ணவில்லை. விரல் போனது, கம்பி பின்னாலேயே போனது. லிஜா ஒரு தடவை தானும் செய்து பார்க்கிறேன் என்று வாங்கி, கடைசிக் கம்பி எந்தத் துளைக்கும் எட்டாமல் போய், எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாயிற்று. “மொதல்ல ஒரு தொளை தெத்திட்டு, மாத்திப் போட்டுட்டே. மொதல்ல தெத்தினா கடைசியிலதான் தெரியும்,” என்று குளோரி மறுபடி கோத்தாள். அதே வேகம். ஒரு சலிப்பும் இல்லை.

இந்தக் கம்பிகள் குளோரிக்கும் புதிது. கருங்கல் கடையில் கம்பி என்றால் தலையிலிருந்து கால்வரை ஒரே தடிமன். இவை இரண்டு நுனியிலும் தடித்து, நடுவில் மெலிந்திருந்தன. கம்பியின் நுனியை ரிம்மோடு பிடிக்கிற சின்னத் திருகான நிப்பிளைச் சாவி போட்டு முறுக்கினால், அது திரும்புவதற்கு முன்னால் கம்பியே கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. குளோரி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். உள்ளே போய் நெயில் பாலிஷ் குப்பியை எடுத்து வந்து, ஒவ்வொரு கம்பியின் மெலிந்த இடத்திலும் ஒரு பொட்டு வைத்தாள். அதன்பிறகு முறுக்கும்போது பொட்டு நகர்ந்தால் கம்பி முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி, பொட்டு பழைய இடத்துக்கு வரும்வரை பின்னால் விடுவாள்.

“இதை ஒங்களுக்கு ஆரு படிப்பிச்சா மைனி?”

“ஆரு படிப்பிக்க? அதுக்கு முதுகு எது, முகம் எதுன்னு தெரியல்ல. பொட்டு வச்சேன். இப்ப தெரியுது.”

பிறகு விரலால் தட்டிக் கேட்டாள். கருங்கல் கோயிலில் பாட்டுக் குழுவில் பாடிய காது அது. வலதுபக்கக் கம்பிகளை வரிசையாக மீட்டிக்கொண்டே கூட முனகுவாள். ஒரு கம்பி மட்டும் தாழ்ந்து ஒலித்தால் அவள் முகம், கூட நிற்கிறவள் சுருதி பிசகியதைப் போலச் சுருங்கும். சாவியைப் போட்டு அரைக்கால் திருப்பு. மறுபடி மீட்டல். சக்கரத்தைச் சுழலவிட்டு, பிரேக் கட்டையின் பக்கத்தில் ஒரு தீக்குச்சியைப் பிடித்தால், ரிம்முக்கும் குச்சிக்கும் நடுவில் இருந்த வெளிச்சக் கோடு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சக்கரம் சுழல்கிறதா, நிற்கிறதா என்றே சொல்ல முடியவில்லை. அது முடிந்ததும் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்து, கை நரம்பு புடைக்க நெரித்தாள். ரோட்டில் போய் இளகுவது இங்கேயே இளகட்டும் என்றாள்.

லிஜா சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாள். ஒற்றைக் கையில் வந்தது. அன்று சாயந்தரமே செம்மண் மேட்டுக்குக் கொண்டுபோனாள். ஏற்றத்தில் ஒரு மிதிக்குச் சைக்கிள் முன்னால் சாடிப் பாய்ந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதைப் போல இருந்தது. மேலே போய்ச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. ஓடையின் நடுவில் கல் அடுக்கில் தடதடவென்று இறங்கினாள். பின்னால் கிணுகிணு என்று ஒரு சத்தம். அடுத்து சக்கரம் இடமும் வலமுமாக ஆடியது. ரிம் பிரேக்கில் போய் இடித்துப் பிடித்தது. லிஜா ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். முழங்கால் கிழிந்து, கன்னத்தில் செம்மண்.

வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும் அம்மா தங்கபாய் தலையில் அடித்துக்கொண்டாள். “இனி அந்த நூலாம்படைச் சக்கரத்துல நீ ஏறப்பிடாது. காலு ஒடிஞ்சா ஆரு உன்னைக் கெட்டுவா? பழைய சக்கரத்தை மாட்டு. ரெண்டாவது வந்தா போரும்.”

லிஜா கன்னத்துச் செம்மண்ணைத் துடைத்தாள். காயத்தைக் கழுவிவிட்டு, பழைய சக்கரங்களை எடுத்து மாட்டினாள். அவள் மனசிலும் அதுதான் இருந்தது. பழையது கனம், ஆனால் கழுத்தை ஒடிக்காது.

கழற்றிப்போட்ட பின்சக்கரத்தைக் குளோரி எடுத்துத் தட்டினாள். வலதுபக்கம் பாடியது. இடதுபக்கக் கம்பிகள் தொங்கிய கொடிக் கயிறு மாதிரி ஊமையாகக் கிடந்தன. ஒரு நிப்பிளைச் சாவி இல்லாமல் வெறும் விரலால் திருப்பினாள். திரும்பியது. விரலை மோந்து பார்த்தாள்.

“தேங்காயெண்ணெ,” என்றாள்.

லிஜாவுக்குப் புரியவில்லை. குளோரி அவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள். கருங்கல் கடையில் கம்பியின் மரைக்குத் தேங்காயெண்ணெய் விட்டுத்தான் பூட்டுவார்கள். தலைக்கும் அதுதான், செயினுக்கும் அதுதான், துருப்பிடித்த பூட்டுக்கும் அதுதான். கைப்பழக்கத்தில் இந்தச் சக்கரத்துக்கும் அதையே விட்டிருந்தாள். அந்தச் சைக்கிள்களில் கம்பிகள் நெருக்கம், ரிம் இரும்பு, வலித்து முறுக்கலாம். எண்ணெய் ஒன்றும் செய்யாது. இந்த ரிம்மை அப்படி வலித்தால் வெடித்துவிடும். அதிலும் பின்சக்கரத்தின் இடதுபக்கம் எப்போதுமே இளக்கமாகத்தான் நிற்கும். எண்ணெய் காயாமல் வழுவழுவென்று இருக்க, குலுக்கலில் ஒவ்வொரு நிப்பிளும் தானாகத் திரும்பி இறங்கியிருக்கிறது.

“அப்ப எண்ணெ விடாம பூட்டுங்க மைனி.”

“விடலைன்னா நிப்பிளு திரும்பாது, இந்த மெலிஞ்ச கம்பிதான் முறுக்கி ஒடியும். பத்தாததுக்கு ஒங்க ஊரு உப்புக்காத்து. திருவிழாவுக்கு முன்ன துரு தின்னிடும்.” குளோரி சக்கரத்தைச் சுவரில் சாய்த்தாள். “பூட்டும்போது வழுக்கணும். பூட்டினப்புறம் பிடிக்கணும். அப்பிடி ஒரு எண்ணெ எங்க இருக்கு?”

இரண்டு மூன்று நாள் அவள் அந்தச் சக்கரத்தையே சுற்றிச் சுற்றி வந்தாள். வெட்கமா கோபமா என்று லிஜாவுக்குத் தெரியவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

லிஜாவின் அப்பா சிலுவைதாசன் துடுப்புகளுக்கும் வள்ளத்தின் மரப்பலகைக்கும் சாளை எண்ணெய் பூசுகிறவர். சாளை மீனைக் காய்ச்சி எடுக்கிற அந்த எண்ணெயின் நாற்றம் குளோரிக்கு ஆகவே ஆகாது. கலியாணமாகி வந்த புதிதில் அந்த டின்னை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்று மாமனாரோடு சண்டை பிடித்து, கொல்லைப்பக்கம் தள்ளிவைத்தவள். சக்கரம் ஆடிய மூன்றாம் நாள் அவர், “மக்கா, அந்த டின்னைத் தொறந்து தா,” என்றார். குளோரி மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு திருகு மூடியைத் திருகினாள். அசையவில்லை. துணி வைத்துத் திருகினாள். அசையவில்லை. வழிந்த எண்ணெய் மூடியின் மரையில் காய்ந்து, பிசின் மாதிரி மஞ்சளாகப் பிடித்திருந்தது.

மூக்கைப் பொத்தியிருந்த சேலை கீழே விழுந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

“ஏட்டி லிஜா! இஞ்ச வா!”

மூடியை ஒரு கல்லால் சுற்றிலும் தட்டி, வென்னீர் விட்டுத் திறந்தாள். உள்ளே எண்ணெய் புதிசாக, ஓடுகிற பதத்தில் இருந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு உரசிப் பார்த்தாள். வழுக்கியது.

“இது எத்தற நாளையில காயும் மாமா?”

“நல்ல வெயிலுன்னா ஒரு வாரம்,” என்றார் சிலுவைதாசன். “எதுக்கு? தலையில தேய்க்கவா?”

குளோரி பதில் சொல்லாமல் சக்கரங்களைப் பிரிக்கத் தொடங்கிவிட்டாள். முழுதும் பிரித்தாள். கம்பிகளையும் நிப்பிள்களையும் மண்ணெண்ணெயில் போட்டு அலசி, துணியில் துடைத்து, வெயிலில் பரப்பினாள். பிறகு முதலிலிருந்து எல்லாம். கோப்பு, பொட்டு, மீட்டல், நெரிப்பு. ஒவ்வொரு மரைக்கும் ஒரு சொட்டுச் சாளை எண்ணெய். முதல்முறை பார்த்து அதிசயித்தது ஒன்று. கை நிறைய நாற்றத்தோடு, ஒரு முகச் சுளிப்பில்லாமல், அதே வேலையை அதே கருத்தோடு இரண்டாம் முறை அவள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. லிஜா கல்லூரிக்குப் போனாலும் அந்த விரல்கள்தான் கண்ணில் நின்றன.

பூட்டிய சக்கரங்களை மீன்வலை காயப்போடும் கம்பில் மாட்டினார்கள். முதல் நாளே தெருப் பூனைகள் வந்துவிட்டன. சக்கரத்துக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தன. ஒன்று சாடிப் பிடித்துத் தொங்கியது. தங்கபாய் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினாள். “சவங்களுக்குச் சைக்கிளு படிக்கணுமாம்!” என்று திட்டியவள், மறுநாள் வலைத்துணி ஒன்றைக் கொண்டுவந்து சக்கரங்களைச் சுற்றிக் கட்டினாள். இனி ஏறப்பிடாது என்று சொன்ன அதே அம்மாதான்.

எண்ணெய் காய்ந்தது. குளோரி விரலால் ஒரு நிப்பிளைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை. சாவியைப் போட்டதும், டக்கென்று பிடி விட்டுத் திரும்பியது. போதும் என்பதுபோல் தலையாட்டினாள். ஆனால் அதை மாட்டு என்று லிஜாவிடம் சொல்லவில்லை. பழைய சக்கரத்தோடு நின்ற சைக்கிளின் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டுத் துணி துவைக்கப் போனாள்.

போட்டிக்கு முந்தின நாள் லிஜா தானே சக்கரத்தை மாற்றினாள். தான் விழுந்த அதே ஓடைக்குப் போனாள். மேலே நின்று பார்த்தபோது கீழே, ஓடையின் அடியில், ஈரக் கையோடு குளோரி மைனி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. லிஜா இறங்கினாள். மறுபடி ஏறி இறங்கினாள். மறுபடியும். கிணுகிணு சத்தம் இல்லை. கீழே வரும்போதெல்லாம் குளோரி சக்கரத்தைத் தட்டுவாள், கையை ஆட்டி மேலே போகச் சொல்வாள். கால் சோர்ந்து லிஜாதான் போதும் என்றாள்.

ரப்பர் தோட்டத்தில் போட்டி தொடங்கும் இடத்தில் பெபிஷா மூக்கை உறிஞ்சினாள். “என்னட்டி இது, சைக்கிளா மீன்வண்டியா?”

“மீன்வண்டிதான். பின்னால வா, நல்ல சாளை கிடைக்கும்,” என்றாள் லிஜா. பக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பெபிஷாவும் சிரித்துவிட்டாள்.

ஏற்றம் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளைந்து வளைந்து போனது. போன வருடம் பெபிஷா தாண்டிப் போன அந்த வளைவில், இந்த வருடம் அவளுடைய முதுகு லிஜாவுக்கு முன்னால் இருந்தது. லிஜா எழுந்து நின்று மிதித்தாள். சக்கரம் ஒவ்வொரு மிதிக்கும் உடனே கேட்டது, யோசிக்கவே இல்லை. பெபிஷாவின் தோள் பக்கத்தில் வந்தது, பின்னால் போனது. உச்சியில் மூச்சு இரைக்க ஒரு நொடி. அப்புறம் இறக்கம்.

சருகு மூடிய பாதை. சருகுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது. பின்னால் பெபிஷாவின் செயின் சத்தம் கேட்டது. நடுவில் மழைவெள்ளம் அறுத்த ஒரு பள்ளம்; அதைச் சாடிக் கடந்த இடத்தில் பின்சக்கரம் எதன்மேலோ போய் இடித்தது. முதுகெலும்புவரை அதிர்ந்தது. லிஜாவின் விரல்கள் பிரேக்கின்மேல் போயின. பிடித்தால் பெபிஷா தாண்டிவிடுவாள். பிடிக்காவிட்டால், ஆடுகிற சக்கரத்தோடு இந்தச் சரிவில்…

காதைக் கொடுத்தாள். சருகு நொறுங்கும் சத்தம்தான் கேட்டது. சக்கரம் நூல் பிடித்ததுபோல் ஓடியது. விரல்களை எடுத்தாள்.

கீழே கோடு தாண்டியதும் நிற்கத் தெரியாமல் கூட்டத்துக்குள் போய், கோலப்பன் சார் சைக்கிளைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று. “முகாமுக்கு நீதாம்மா,” என்றார். “அங்க போனா நல்ல சைக்கிளா தருவாங்க.”

“சைக்கிளு தரட்டு சார். சக்கரம் இதுதான்,” என்றாள் லிஜா.

மைனியைத் தேடினாள். காலையில் பஸ் ஏறி அம்மாவோடு வந்திருந்த குளோரி, அவளைக் கட்டிப்பிடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. சைக்கிளின் பின்னால் குந்தி உட்கார்ந்து, ரிம்மைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் கை நின்றது. பெருவிரல் பதிகிற அளவுக்கு விளிம்பில் ஒரு குழி.

“பெரிய கல்லுல்லா ஏறியிருக்கு. எத்தற பெருசு இருக்கும்?”

“பாக்கல்ல மைனி.”

“பாக்காமயா அதுமேல விட்டே?”

“நீங்க பூட்டினதுல்லா,” என்றாள் லிஜா.

குளோரி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையிலிருந்து நிப்பிள் சாவியை எடுத்துக்கொண்டு குழிக்கு நேரே இருந்த கம்பியின் பக்கம் குனிந்துகொண்டாள்.